கடைசிப் பந்தி

அன்பு மாறாத மாதண்ணாவுக்கு,

இருந்தவரை உன்னை "வாங்க, போங்க" என்றுதான் கூப்பிட்டேன். இப்போது "நீ" என்று எழுதுகிறேன். சாமியையும் செத்தவரையும் ஒருமையில் கூப்பிட்டால் குற்றமில்லை என்று ஒரு சாவு வீட்டில் நீதான் சொன்னாய். அது உன்னிடமே எனக்குப் பயன்படும் என்று அப்போது நினைக்கவில்லை.

முதலில் நல்ல செய்தி. போன ஞாயிற்றுக்கிழமை காரிமங்கலத்தில் ஒரு காதுகுத்து. நம் கோவிந்தனின் மகளுக்கு. பந்தியில் பரிமாறியது யார் தெரியுமா? நான்தான். சாம்பார் வாளியும் கரண்டியுமாக இரண்டு பந்தி ஓடினேன். மூன்றாவது பந்தியில் ஒரு பெரியவரின் வெள்ளை வேட்டியில் ரசத்தை ஊற்றிவிட்டேன். நீ பார்த்திருந்தால் வாளியைப் பிடுங்கிக்கொண்டு, "போய் சீட் கவர் தை பாய், சோறு போடறது உனக்கு ஆவாது" என்று சொல்லியிருப்பாய்.

இந்தக் கடிதத்தை மையத்தில் எழுதச் சொன்னார்கள். மையம் என்றால் தருமபுரியில் நான் இப்போது வேலை செய்யும் இடம். ஊசியில் போதை மருந்து ஏற்றிக்கொள்பவர்களுக்குப் புது ஊசி கொடுத்து, பழையதைத் திரும்ப வாங்கி, எச்.ஐ.வி. பரிசோதனைக்கு அழைத்துப் போவது எங்கள் வேலை. இறந்துபோன நண்பர்களுக்கு ஆளுக்கு ஒரு பக்கம் எழுதுங்கள், கூட்டத்தில் படிக்கலாம் என்றார்கள். ஒரு பக்கத்தில் அடங்குகிற ஆளா நீ?

கோவிந்தன் என்பது அவன் சொந்தப் பெயர் இல்லை. அவனைக் கேட்டுத்தான் எழுதுகிறேன், ஆனாலும் பெயரை மாற்றிவிட்டேன். யாரென்று உனக்குத் தெரியும். உன் பெயரையும் மாற்றலாமா என்று ஜெயா அக்காவிடம் கேட்டேன். "அவரு பேரு அப்படியே இருக்கட்டும் தம்பி. இருந்தப்பதான் எல்லாத்தையும் மூடி மூடி வெச்சாரு" என்றார்கள். உன் மனைவி சொன்ன பிறகு நான் யார் மறைப்பதற்கு?

நாம் எப்படிச் சேர்ந்தோம் என்று படிக்கிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள். நீ பாப்பாரப்பட்டிக்காரன். கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறும் குழுவுக்குத் தலைவன். முகூர்த்த நாளில் உன்னைப் பிடிக்கவே முடியாது. எங்கள் அத்தாவுக்கு சேலம் ரோட்டில் லாரிகளுக்கு சீட் கவர் தைக்கும் கடை. உங்கள் குழுவின் வேனில் சீட் கிழிந்துபோய் நீ கடைக்கு வந்தாய். நான் அப்போது லாரி கேபினிலிருந்து விழுந்து முதுகைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். வலிக்கு ஊசி போட்டு, வலி போன பிறகும் ஊசியை விடாத காலம் அது. நான் உட்காருகிற விதத்தைப் பார்த்தே நீ கண்டுபிடித்துவிட்டாய். பாம்பின் கால் பாம்பறியும் என்பது சரிதான்.

தொப்பூரில் பஞ்சர் கடை வைத்திருந்த கோவிந்தன் உனக்கு முன்பே பழக்கம். நாம் மூவரும் ஒரு செட் ஆனோம். சாலையோரத்தில் மூடிக்கிடந்த எடைமேடை ஒன்று இருந்ததே, அதன் பின்சுவர்தான் நம் இடம். மத்தியானம் மண்டபத்தைக் கழுவிவிட்டு நீ வருவாய். உன் சட்டையில் சாம்பார் வாசனையும் கோவிந்தன் கையில் டயர் வாசனையும் அடிக்கும். மூன்று பேருக்கும் சேர்த்து அன்றன்றைக்கு வாங்குவது ஒரே ஒரு புது ஊசி.

ஏன் ஒன்று என்று மையத்துக்கு வருகிற புதியவர்களிடம் இப்போது நானே கேட்கிறேன். மருந்துக் கடையில் ஒன்று கேட்டாலே ஏற இறங்கப் பார்ப்பார்கள், மூன்று கேட்டால் போலீசுக்குச் சொல்லிவிடுவார்கள் என்று பயம். இது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி என்ன தெரியுமா? தனக்கென்று தனி ஊசி வைத்திருப்பவனை நாம் மனிதனாகவே மதிக்கவில்லை. "நம்ம மேல நம்பிக்கை இல்லியா?" என்று கேட்போம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் எத்தனை பேர் கையை நீட்டியிருக்கிறார்கள்.

சொம்புத் தண்ணீரை உதடு படாமல் அண்ணாந்து குடிக்கிற ஊர் இது. நீயும் நானும் கோவிந்தனும் ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்தபோதும் வாயை வைத்ததில்லை. அடுத்தவன் இலையில் கை வைத்தால் எச்சில் என்போம். ஆனால் ரத்தம் பட்ட ஊசியை மட்டும் கை மாற்றிக்கொண்டோம். அது எச்சில் என்று மூன்று பேரில் ஒருவனுக்கும் தோன்றவில்லை என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

நீ அதற்குப் பந்தி என்று பெயர் வைத்தாய். நான் முதல் பந்தி, கோவிந்தன் இரண்டாம் பந்தி, நீ கடைசிப் பந்தி. ஒரு நாள்கூட வரிசை மாறியதில்லை. நான் சில நாள் தாமதமாக வந்தாலும் காத்திருப்பாய். உடம்பு நடுங்கிக்கொண்டிருக்கும், ஆனாலும் தொடமாட்டாய். "பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து. உக்காரு பாய்" என்று என்னைத்தான் முதலில் உட்கார வைப்பாய்.

ஏன் எப்போதும் கடைசி என்று கோவிந்தன் ஒருமுறை கேட்டான். "பரிமாறுறவன் கடைசிலதான்டா சாப்புடணும். அடி சோத்துலதான் ருசி. அடியில தங்கறதுதான் கெட்டியா இருக்கும்" என்றாய். அன்றிலிருந்து உனக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் "அடிச்சட்டி". ஆசை பிடித்தவன், கெட்டியானதை ஒதுக்கி வைத்துக்கொள்கிறான் என்று உன் முதுகுக்குப் பின்னால் பேசியிருக்கிறோம். முகத்துக்கு எதிரேயும் பேசியிருக்கிறோம். நீ பல்லைக் காட்டிச் சிரித்தாய்.

முடிந்ததும் ஊசியின் முனையைச் சுவரில் அழுத்தி வளைப்பாய். "இலைய மடிச்சாச்சு" என்பாய். வளைந்த ஊசியை ஒரு பழைய டப்பாவில் போட்டு நீயே எடுத்துப் போய்விடுவாய். அதையும் நாங்கள் கேலி செய்தோம். மண்டபத்துப் பழக்கம், குப்பையைக்கூட விடமாட்டான் என்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோவிந்தனின் அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது ரத்தம் வேண்டும் என்றார்கள். ஊரில் யாருக்கு என்ன என்றாலும் முதலில் ஓடுகிற நீ, அன்று ஆஸ்பத்திரி வாசலில் என் கையைப் பிடித்து இழுத்தாய். "நம்ம ரத்தம் வேணாம் பாய். வேற ஆளு பாக்கலாம்" என்றாய். பாப்பாரப்பட்டிக்குப் போன் போட்டு உன் குழுவிலிருந்து இரண்டு பேரை வரவழைத்தாய். தினம் ஊசி போடுகிறவனுக்கு ஊசி என்றால் பயமா என்று கோவிந்தனும் நானும் ஒரு வாரம் சிரித்தோம். இப்போது நினைத்தால் எனக்கே என்மேல் எரிச்சல் வருகிறது.

பிறகு உனக்கு இருமல் வந்தது. காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. வாளி தூக்க முடியாமல் இலை போடும் வேலைக்கு மாறினாய், பிறகு தண்ணீர் ஊற்றும் வேலைக்கு. அப்புறம் மண்டபத்துக்கே வரவில்லை. காசநோய் என்று சொன்னார்கள். இரண்டு மாதத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாய். நாற்பத்திரண்டு வயது ஒரு வயதா, மாதண்ணா?

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு நானும் கோவிந்தனும் வந்தோம். இரண்டு பேரும் தெளிவாக இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். சாப்பிட்டு முடித்து இலையை மடித்தேன். நம் மண்டபப் பழக்கத்தில் மேல்பாதியை என் பக்கமாக மடித்துவிட்டேன். கல்யாண வீட்டில்தான் அப்படி, உறவு தொடரட்டும் என்று. சாவு வீட்டில் எதிர்ப்பக்கமாக மடிக்க வேண்டும், இது இத்தோடு போகட்டும் என்று. உன் பெரியப்பா பார்த்துவிட்டார். "யாருப்பா இது, இழவு வூட்டுல இலைய உள்ள மடிக்கிறது? இன்னொரு சாவ கூப்புடறியா?" என்று சத்தம் போட்டார். எனக்கு இலையைத் திருப்பி மடிக்கக்கூடக் கை வரவில்லை. பக்கத்து இலையில் கோவிந்தன் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தான். மறுநாள் பஞ்சர் கடையைப் பூட்டிவிட்டு ஓசூர் பக்கம் போய்விட்டான். போன் நம்பரையும் மாற்றிவிட்டான்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று சொல்லிக்கொண்டேன். ஆனாலும் அந்த இலை மனதிலேயே கிடந்தது. அடுத்தது யார்? நானா, அவனா?

அந்தப் பயம்தான் என்னை மையத்துக்குக் கொண்டுபோனது என்று வைத்துக்கொள். அத்தா கையைப் பிடித்து அழைத்துப் போனார் என்பது இன்னும் சரி. பரிசோதனையில் எனக்கு எச்.ஐ.வி. இல்லை என்று வந்தது. நம்பாமல் மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்தேன். அப்போதும் இல்லை. போதை ஏக்கத்தை அடக்க மையத்தில் கொடுக்கும் மாத்திரையைத் தினமும் காலையில் நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு, ஊசியை மெல்ல மெல்ல விட்டேன். நடுவில் இரண்டு முறை சறுக்கினேன். யானைக்கே அடி சறுக்கும், நான் எம்மாத்திரம்? பிறகு அங்கேயே வேலை கொடுத்தார்கள்.

வேலையில் சேர்ந்த முதல் வாரம் கவிதா மேடம் ஒரு தாளைக் கொடுத்தார். அவர்தான் அங்கே ஆலோசகர், நல்ல பொறுமைசாலி. யார் யாரோடு சேர்ந்து ஊசி போட்டீர்கள் என்று வட்டம் போட்டுக் கோடு இழுக்கச் சொன்னார். ஒருவனுக்கு ஒரு செட்தான் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், அந்த செட்டில் ஒருவன் இன்னொரு செட்டிலும் உட்காருகிறான், நோய் போகிற பாதை அதுதான் என்றார். நான் மூன்று வட்டம் போட்டேன். வரிசையையும் எழுதினேன். ஒன்று சாதிக், இரண்டு கோவிந்தன், மூன்று மாதண்ணா.

"எப்பவுமே இவருதான் கடைசியா?" என்று கேட்டார்.

"ஆமாங்க மேடம். ஆசை புடிச்ச மனுசன். அடியில கெட்டியா இருக்கும்னு சொல்வாரு."

"ஊசிய அப்பறம் என்ன செய்வாரு?"

"வளைச்சு அவரே எடுத்துட்டுப் போயிருவாருங்க."

மேடம் மூன்றாவது வட்டத்தைப் பேனாவால் இன்னொரு முறை சுற்றினார். உன்னைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது, தெரிந்திருந்தாலும் சொல்லமாட்டார். பொதுவாக ஒரு விஷயம் சொன்னார். ஒரே ஊசி கை மாறினால் முன்னால் போட்டவரிடம் இருப்பது பின்னால் போடுபவருக்கு வரும். கடைசியில் போடுகிறவருக்கு எல்லாரிடமிருந்தும் வரலாம், அவரிடமிருந்து அந்த ஊசியால் யாருக்கும் போகாது. "அதுக்காக வரிசை வெச்சா போதும்னு நெனச்சுக்காதீங்க சாதிக். தண்ணி, பஞ்சு எல்லாம் பொதுவா இருந்தா அதுலயும் வரும். நீங்க தப்பிச்சது பாதி வரிசையால, பாதி அதிர்ஷ்டத்தால" என்றார்.

ஆஸ்பத்திரி வாசலில் நீ என் கையைப் பிடித்து இழுத்தது ஞாபகம் வந்தது. அன்றே பஸ் ஏறிப் பாப்பாரப்பட்டிக்குப் போனேன்.

ஜெயா அக்கா வாசலில் துவரை காயப் போட்டுக்கொண்டிருந்தார்கள். "வா தம்பி, வூட்டுக்குள்ள வந்து உக்காரு" என்றார்கள். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் தண்ணீர் கேட்டேன். பிறகு மெதுவாக, அண்ணாவுக்கு வேறு ஏதாவது இருந்ததா அக்கா என்று கேட்டேன்.

"இருந்துச்சு. உங்க கூடப் பழகறதுக்கு முந்தியே இருந்துச்சு. அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வேற ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது."

நீ மாத்திரையைச் சேலத்தில் வாங்கினாயாம். தருமபுரி ஆஸ்பத்திரியில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால், இவன் கையால் பரிமாறிய சோறா என்று கேட்டுவிடுவார்கள் என்று பயந்தாயாம். சோறு போடுவதால் பரவாது என்று டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். மண்டபத்துக்காரனுக்குத் தெரியுமா? முகூர்த்த மாதங்களில் சேலம் போக நேரமில்லாமல் மாத்திரையை விட்டுவிட்டாய். தை மாதம் விட்டது, மாசி, பங்குனி என்று போயிற்று. ஊருக்கே பந்தி போட்டவன் தன் மாத்திரையை வாயில் போட மறந்தான்.

அன்று உன்மேல் எனக்கு வந்த கோபத்தை இப்போதும் மறைக்கமாட்டேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது உன்னை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணா. எனக்கு இருக்குது, ஆளுக்கு ஒரு ஊசி வாங்கு என்று சொல்லியிருந்தால் நாங்கள் ஓடியா போயிருப்போம்? கொஞ்சம் யோசித்தேன். ஒருவேளை ஓடித்தான் போயிருப்போம். அதுவும் உனக்குத் தெரிந்திருக்கும். பின்சுவரில் நீ நடுங்கிக்கொண்டு எனக்காகக் காத்திருந்த மத்தியானங்கள் ஞாபகம் வந்தன. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மா, "ஏம்ப்பா, யாராவது தவறிட்டாங்களா?" என்று கேட்டார். ஆமாங்க, எங்க அண்ணன் என்றேன். நீ போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது.

இனி கோவிந்தன் கதை. இதற்காகத்தான் இந்தக் கடிதமே.

போன வருடம் அவன் தொப்பூருக்குத் திரும்பி வந்துவிட்டான் என்று ஒரு டிரைவர் சொன்னார். போய்ப் பார்த்தேன். அதே பஞ்சர் கடை, பக்கத்தில் ஒரு புது ஷெட். ஊசியை விட்டுவிட்டானாம். கல்யாணம் ஆகிவிட்டது. மனைவி பெயர் மலர், நான்கு மாதக் கர்ப்பம். என்னைக் கட்டிப்பிடித்து டீ வாங்கிக் கொடுத்தான். பரிசோதனை என்று வாயெடுத்ததும் முகம் மாறிவிட்டது.

"மலருக்கு ஆஸ்பத்திரில எடுத்துட்டாங்க பாய். அவளுக்கு இல்ல. அவளுக்கு இல்லன்னா எனக்கும் இல்லதான?"

அப்படிக் கணக்குப் போட முடியாது என்று சொன்னேன். அவனுக்கு இருந்து மருந்து சாப்பிடாமல் இருந்தால், இனிமேல் மலருக்கு வரலாம். கர்ப்ப காலத்தில் வந்தால் குழந்தைக்கும் வரலாம். தெரிந்துகொண்டால் மூன்று பேரையும் காப்பாற்றலாம். அவன் டயரைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தான். நான்கு முறை போனேன். நான்கு முறையும் அதே டயர், அதே தண்ணீர்.

ஐந்தாம் முறை போனபோது வேறு வழியில்லாமல் உன் கதையைச் சொன்னேன். ஜெயா அக்காவின் அனுமதியோடுதான். கடைசிப் பந்தி ஏன் என்று சொன்னேன். ஊசியை ஏன் வளைத்தாய், ஆஸ்பத்திரி வாசலில் ஏன் இழுத்தாய் என்றெல்லாம் சொன்னேன். அவனுக்கு நிம்மதியாக இருக்கும், உடனே கிளம்பி வருவான் என்று நினைத்தேன். அவன் ஜாக்கியைக் கீழே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"பாய், ஒரு நாளு அவருக்கு நெருப்பாக் காய்ச்சல் அடிச்சிது, ஞாபகம் இருக்குதா? வளைக்காம போட்டுட்டு எந்திரிச்சிப் போயிட்டாரு. நீயும் போயிட்ட. நான்தான் கடைசியா இருந்தன்."

"ம்."

"அதுல கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. நான் எடுத்தன் பாய். அடியில கெட்டியா இருக்கும்னு அவருதான சொன்னாரு."

கேட்டாயா மாதண்ணா? எங்களைக் காப்பாற்ற நீ சொன்ன ஒரு பொய், அவன் அதை நம்பிவிட்டான். அடிச்சட்டி என்று நாங்கள் கேலி செய்தது உண்மையாக இருக்கும் என்று அவன் ஒரு நாள் சுரண்டிப் பார்த்திருக்கிறான். உன்னைக் கொண்டுபோனது எதுவானாலும் அந்த ஊசியில் தனக்கும் வந்திருக்கும் என்று அவனுக்கு அப்போதே பயம். உன் காரியத்தில் நான் இலையை உள்ளே மடித்ததும் அவன் வெளுத்துப்போனது அதனால்தான். அத்தனை வருடமும் அடுத்த சாவு தன்னுடையது என்றே நினைத்துக்கொண்டிருந்தான். அந்த மடிப்புக்குப் பயந்துதான் ஓசூருக்கு ஓடினான், அங்கே வேறு செட்டில் சேர்ந்து வேறு ஊசிகளையும் எடுத்தான்.

"அது என் தப்புடா. இலையப் பத்தி ஒண்ணும் தெரியாம மடிச்சிட்டன்" என்றேன். "உனக்குப் பயமா இருந்தா நானும் பக்கத்துல உக்காந்து எடுத்துக்கறன். இந்தத் தடவ நீ முதல் பந்தி."

அந்த வார்த்தைக்குத்தான் எழுந்தான். அழுக்குக் கையைத் துடைத்துக்கொண்டு, கடையைச் சாத்திவிட்டு என் வண்டியில் பின்னால் ஏறினான்.

அவனுக்கு இருந்தது. கவிதா மேடம் சொன்னபோது அவன் அழவில்லை. "அவர்கிட்ட இருந்து வந்ததுங்களா?" என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டான். வட்டம் போடும் தாள் யார் குற்றவாளி என்று கண்டுபிடிக்க அல்ல, அடுத்து யாரைக் கூப்பிட வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் என்றார் மேடம். உன்னிடமிருந்தா, ஓசூரிலா? யாருக்கும் தெரியாது. அவன் மறுபடி கேட்கவும் இல்லை.

மருந்து உடனே தொடங்கினார்கள். மலரிடம் அவனே சொன்னான், மேடம் பக்கத்தில் இருந்தார். அந்தப் பெண் ஒரு வாரம் அம்மா வீட்டுக்குப் போனாள். எட்டாம் நாள் திரும்பி வந்து, "மாத்திரைய தெனமும் என் கண்ணு முன்னால போடணும்" என்று மட்டும் சொன்னாளாம். தினமும் காலையில் அவள் சொம்பில் தண்ணீர் வைக்கிறாள், அவன் அண்ணாந்து குடிக்கிறான். ஆறு மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் கிருமி கணக்கிலேயே வராத அளவுக்குக் குறைந்துவிட்டது. அப்படியே மருந்தைத் தொடர்ந்தால் மனைவிக்குப் போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கிடையில் மலருக்கும் பிரசவம் வரைக்கும் திரும்பத் திரும்பப் பரிசோதனை எடுத்தார்கள். இல்லை, இல்லை, இல்லை. பிறந்தது பெண். அதற்கும் ஒன்றுமில்லை. உன்னைப் போல நல்ல பசிக்காரி என்று ஜெயா அக்கா சொல்கிறார்கள்.

அந்த ஓசூர் செட்டையும் தாளில் வரையச் சொன்னோம். கோவிந்தன் தயங்கித் தயங்கி ஐந்து வட்டம் போட்டான். அதில் நான்கு பேர் வந்துவிட்டார்கள். ஒருவருக்கு மருந்து தொடங்கியாயிற்று. ஐந்தாவது ஆளைக் கோவிந்தன் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான். விடமாட்டான் என்று நினைக்கிறேன்.

காதுகுத்துக்கு வருவோம். மலர் வீட்டார் காரிமங்கலம் என்பதால் அங்கேயே வைத்தார்கள். ஜெயா அக்கா மடியில்தான் குழந்தையை உட்கார வைத்தார்கள். அழுகையில் மண்டபமே அதிர்ந்தது. முதல் பந்தியில் கோவிந்தனை உட்காரச் சொன்னேன். "வூட்டுக்காரன் முதல் பந்தில உக்காந்தா ஊரு சிரிக்கும் பாய்" என்று ஓடிவிட்டான். கடைசிப் பந்தியில் நானும் அவனும் ஜெயா அக்காவும் பரிமாறிய மற்ற ஆட்களும் உட்கார்ந்தோம். அடிச்சட்டிச் சோறு. நீ சொன்னதில் அது மட்டும் பொய்யில்லை மாதண்ணா, நல்ல ருசி. அக்கா இரண்டாம் முறை பாயசம் கேட்டு வாங்கினார்கள், நீ போன பிறகு நான் பார்த்து இதுதான் முதல் தடவை.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். மையத்துக்கு வருகிறவர்களிடம் நான் வேதாந்தம் பேசுவதில்லை. விட முடிகிறவர்கள் விடட்டும், முடியாதவர்களுக்கு ஆளுக்கொரு இலை, ஆளுக்கொரு ஊசி. யாரும் யாருக்குப் பின்னாலும் உட்கார வேண்டாம். யாருக்காவது ஏற்கனவே இருக்கிறது என்றால், அதை வாய்விட்டுச் சொல்ல ஒரு இடம் இருக்கும், பரிமாறுகிற வேலை போகாது என்று கூடவே நின்று சொல்லும் ஆளாக நான் இருப்பேன். உனக்கு அப்படி ஒரு ஆள் கிடைக்கவில்லை. இனிமேல் ஒருவனைக்கூடக் கடைசிப் பந்தியில் தனியாக உட்கார விடமாட்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் கோவிந்தன் என் இலையையே பார்த்தான். எந்தப் பக்கம் மடிக்கப் போகிறேன் என்று. ஜெயா அக்காவும் பார்த்தார்கள். மேல்பாதியைப் பிடித்து, நிதானமாக, என் பக்கமாக மடித்தேன். இந்தத் தடவை சரியாக மடித்துவிட்டேன், அண்ணா.

இப்படிக்கு,
நீ முதல் பந்தியில் உட்கார வைத்த உன் தம்பி,
சாதிக்